சாக்பீஸ் உருகியதும்

எங்கள் தொழிற்சாலையில் என் அண்ணிக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘சந்தேகப்பிராணி’. அதை வைத்தவன் நான்தான் என்று அவருக்குப் பல வருடமாகச் சந்தேகம். சாட்சி கிடைக்காததால் தப்பித்து வருகிறேன்.

பெயர் பொருந்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பால் வாங்கி வந்தால் முகர்ந்து பார்ப்பார். பிறகு அண்ணனிடம் நீட்டி அவரையும் முகரச் சொல்வார். இரண்டு மூக்கும் ஒத்துப்போனால்தான் பால் அடுப்பில் ஏறும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தடவை இழுப்பார். நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. தெருவுக்கு வந்து சேர்ந்த பிறகு, “கேஸை மூடினேனா?” என்று திரும்ப ஏறுவார். கேஸ் மூடித்தான் இருக்கும். ஒருநாளாவது திறந்திருந்தால் எங்களுக்கும் ஏறி இறங்கியதற்கு ஒரு ஆறுதல் கிடைத்திருக்கும்.

இப்படிப்பட்டவர் கல்யாணம் செய்துகொண்டதே அதிசயம். என் அண்ணன் தையல்காரர். அண்ணி அப்போது படிப்பு முடித்து எங்கள் தொழிற்சாலையில் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த புதிது. வேலைக்குப் போடும் கோட்டின் கை நீளம் என்று அண்ணனின் கடைக்கு வந்தார். அண்ணன் அளந்து, “ஒண்ணே கால் அங்குலம் குறைக்கணும்” என்றார். அண்ணி தன் பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்துத் தானே ஒருமுறை அளந்தார். ஒன்றேகால் அங்குலம். டேப்பை வாங்கி ஸ்கேலோடு வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அடுத்த வாரம் குறைப்பதற்கு ஒன்றுமே இல்லாத இன்னொரு கோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். எட்டு மாதத்தில் கல்யாணம். அளந்து பார்த்துக் கட்டிக்கொண்ட ஒரே மாப்பிள்ளை தான்தான் என்று அண்ணன் இன்றும் சொல்லிக்கொள்வார்.

அந்த வீட்டில்தான் நானும் இருக்கிறேன். வெல்டர். எங்கள் தொழிற்சாலையில் கொதிகலன்களுக்கான பெரிய உருளைகள் செய்கிறோம். ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு எண் உண்டு. விரல் நீள எஃகுக் குச்சியின் முனையில் அந்த எண்ணைச் செதுக்கிக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் ஸ்டாம்ப். இணைப்பை முடித்ததும் பக்கத்தில் அதை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. இரும்பு உள்ளவரை இதைச் செய்தவன் யார் என்பது அதில் இருக்கும். என்னுடையது இருபத்தேழு. ஆறு வருடம் கிரைண்டிங் தூசியைத் தின்று, நாலு தேர்வு எழுதி வாங்கியது. சட்டைப்பையில்தான் வைத்திருப்பேன். அது துவைக்கப் போய்விடக்கூடாதே என்று அண்ணி தினமும் என் சட்டையைத் தடவிப் பார்ப்பார். அந்தச் சந்தேகம் மட்டும் எனக்குப் பிடிக்கும்.

இனி அண்ணியின் வேலையைச் சொல்ல வேண்டும். வெல்டிங் என்றால் நெருப்புப் பொறி என்றுதான் வெளியாட்கள் நினைக்கிறார்கள். சூடாக்குவது பெரிய வித்தையில்லை. ஆறுவதுதான் விஷயம். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அந்தக் கதைதான். நாங்கள் ஒட்டுவது வெறும் இரும்பு அல்ல. கொஞ்சம் குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம் சேர்ந்த எஃகு. நூற்றுக்கு மூன்று நான்கு பங்குகூட இருக்காது, அந்தக் கொஞ்சம்தான் ஆட்டம் காட்டும். வெல்டிங்கை ஒட்டிய ஓரம் மெதுவாக ஆறினால் சமர்த்தாக இருக்கும். சட்டென்று ஆறினால் கண்ணாடி மாதிரி விறைத்துக்கொள்ளும். அதோடு, எங்கிருந்தோ வந்த துளி ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால், அன்றைக்குச் சிரித்த முகமாக இருக்கும் இணைப்பு இரண்டு நாள் கழித்து விரியும். அண்ணிக்கும் இந்த எஃகுக்கும் பொருத்தம் பிரமாதம். ‘இன்னைக்கு நல்லா இருக்கு’ என்பதை இருவருமே அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

இதைக் கம்ப்யூட்டரிலேயே முன்கூட்டிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று நிர்வாகம் ஒரு மென்பொருளை வாங்கி, அண்ணியிடம் ஒப்படைத்தது. பிளேட்டின் கனம் என்ன, எஃகில் என்னென்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கரண்ட், எவ்வளவு வேகம் என்று கொடுத்தால், திரையில் ஒரு பிளேட் வரும். அதன்மேல் வெள்ளைப் புள்ளி ஒன்று நகரும். பின்னாலேயே மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று சூடு விரிந்து அடங்கும். எந்த இடம் எத்தனை விநாடியில் எண்ணூறு டிகிரியிலிருந்து ஐந்நூறுக்கு இறங்கியது என்று எண் வரும். வெல்டர்கள் அதற்கு ‘ஜோசியப்பெட்டி’ என்று பெயர் வைத்தார்கள். இது சத்தியமாக நான் வைத்ததில்லை.

அதை முதலில் நம்பாதவர் அண்ணிதான். “வர்ணம் அழகா இருக்கு. அதான் பயமா இருக்கு” என்றார். நாலு விரல் கனமுள்ள பிளேட் ஒன்றில் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் சூடு அளக்கும் கம்பியைச் செருகி, காலையிலிருந்து மத்தியானம் வரை உலையில் வைத்து நூற்றைம்பது டிகிரிக்குக் கொண்டுவந்தார். வெளியே எடுத்து என்னை வெல்டிங் செய்யச் சொன்னார். திரை பன்னிரண்டு விநாடி என்றது. கம்பி பன்னிரண்டரை என்றது. அறையே கைதட்டியது. அண்ணி, “ஒரு நாள் பொருந்தினா தினமும் பொருந்துமா?” என்று இன்னும் பதினொரு பிளேட் ஓட்டவைத்தார். பதினொன்றும் பொருந்தின. பன்னிரண்டாவது முடிந்த அன்று, ரொம்ப நாள் பழகியவரைப் பார்ப்பதுபோல் அந்தத் திரையைப் பார்த்தார். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

சூடாக்காமல் குளிர்ந்த பிளேட்டில் வெல்டிங் செய்தால் என்ன ஆகும் என்றும் திரையில் ஓட்டிக் காட்டினார். எட்டு விநாடி.

“நாலு விநாடிதானே அண்ணி வித்தியாசம்? அதுல என்ன குடியா முழுகிடும்?”

“முழுகும்” என்றார்.

அந்த ஆராய்ச்சியிலிருந்து ஒரு தாள் பிறந்தது. கனமான பிளேட்டுகளை எப்படிச் சூடாக்கி எப்படி வெல்டிங் செய்வது என்று அண்ணி எழுதியது. முதலில் மூன்று பக்கம். “இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஷிப்டே முடிஞ்சிடும் மேடம். ஆறு வரி. பெரிய எழுத்து” என்றார் மேனேஜர். அண்ணியே உட்கார்ந்து வெட்டி ஆறு வரியாக்கினார். பிளாஸ்டிக் உறை போட்டு எங்கள் கூடத்தின் நடுத்தூணில் மாட்டினார்கள். மூன்றாவது வரி இது: ‘150 டிகிரி சாக்பீஸ் உருகியதும் வெல்டிங்கைத் தொடங்கலாம்.’

சூட்டுச் சாக்பீஸ் என்பது மெழுகு மாதிரி ஒரு குச்சி. குறிப்பிட்ட சூடு வந்தால் மட்டும் உருகும்படி செய்திருப்பார்கள். கேஸ் டார்ச்சால் பிளேட்டைக் காய்ச்சி, அதன்மேல் ஒரு கோடு இழுத்தால், கோடு உருகிப் பளபளவென்று ஆனதும் சூடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

தாள் மாட்டி நாலு மாதம் ஆனபோது என் தலையில் இடி விழுந்தது. ஒரு பெரிய உருளையை ஒலியலையால் பரிசோதித்த அல்ட்ராசோனிக்காரர் மூன்று இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். மூன்றும் விரிசல். வெல்டிங்கில் இல்லை, ஓரத்தில், உள்ளுக்குள். பக்கத்திலிருந்த எண் மூன்று இடத்திலும் இருபத்தேழு. அதே உருளையில் மற்ற நாலு வெல்டர்களும் வேலை செய்திருந்தார்கள். அவர்களுடைய இணைப்புகள் ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

அன்று திங்கட்கிழமை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“சூடு பண்ணாம வெல்டிங் பண்ணியிருக்க.”

“பண்ணினேன் சார். சாக்பீஸ் உருகிச்சு சார்.”

“அப்போ மத்தவங்களுது ஏன் விரியல?”

எனக்கு என்ன தெரியும்? தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அது குற்றவாளி நிற்கும் நிலை என்று அப்புறம்தான் உறைத்தது. “வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா இருபத்தேழை என் மேஜையில வெச்சுட்டு கிரைண்டிங்குக்குப் போ” என்றார்.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முப்பத்தொரு வயதில் தொழிற்சாலைக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியவர் யார்? பரிசோதனைக் கூடம். பரிசோதனைக் கூடத்தில் யார்? அண்ணி. உடனே தொழிற்சாலை இரண்டு கண்ணாலும் எங்கள் வீட்டைப் பார்க்க ஆரம்பித்தது. “கொழுந்தன் கேஸை அண்ணியே விசாரிச்சா தீர்ப்பு எப்படி இருக்கும்னு தெரியாதா?” என்று கேன்டீனில் என் காதுபடவே பேசினார்கள். அண்ணி என்னிடம், “வெள்ளிக்கிழமை வரைக்கும் ஃபேக்டரியில என்கிட்ட பேசாத. சிரிக்கக்கூடாது, தலையாட்டக்கூடாது” என்றார். வழக்கமாக இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம். அந்த வாரம் அவர் ஒரு பஸ் முன்னால் போனார்.

நான் சும்மா இருப்பேனா? எனக்கும் ஒரு சந்தேகம் முளைத்தது. ஸ்டோர்ஸ்காரர். வெல்டிங் ராடுகளை அவர்தான் சூடான பெட்டியில் வைத்து ஈரம் போகக் காயவைத்துத் தர வேண்டும். பெட்டியை அணைத்துவிட்டுத் தூங்கியிருப்பார், ஈர ராடைத் தந்து என் குடியைக் கெடுத்திருப்பார் என்று முடிவே கட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பெட்டியைத் திறந்து கையை விட்டேன். ராடுகள் சுடச்சுட இருந்தன. மூன்று விரல் கொப்பளித்தது.

“கேட்டிருந்தா மீட்டரைக் காட்டியிருப்பேனே தம்பி” என்றார் ஸ்டோர்ஸ்காரர், களிம்பு தடவிவிட்டபடி. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

விரிசல் விட்ட இடத்தை அறுத்தெடுத்து அண்ணி மெருகேற்றிப் பார்த்தார். ஓரத்தின் கடினம் முந்நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியது, நானூற்று இருபது இருந்தது. மறுபடி கம்ப்யூட்டரை ஓட்டினார். பிளேட் நூற்றைம்பது டிகிரியில் இருந்தால் இந்தக் கடினம் வராது. பிளேட் குளிர்ந்து கிடந்தால் வரும். எட்டு விநாடி. அச்சாகப் பொருந்தியது.

புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் என் எதிரே உட்கார்ந்தார். அண்ணன் மேஜையின் மறுகோடியில் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு தடவை கேக்கறேன். சூடு பண்ணினியா?”

“பண்ணினேன் அண்ணி.”

“எவ்வளவு நேரம்?”

“சாக்பீஸ் உருகற வரைக்கும்.”

“உண்மையைச் சொல்லு. டார்ச்சைக் கையில எடுத்தியா?”

‘ஒரே ஒரு தடவை’ மூன்றாகிவிட்டது. நான் தட்டைத் தள்ளினேன்.

“ஜோசியப்பெட்டி சொன்னா நம்புவீங்க. பதினோரு வருஷமா உங்க கையால சாப்பிடறேன், நான் சொன்னா நம்பமாட்டீங்க. அப்படித்தானே?”

“பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

“எனக்குத் தெரியுமா?”

“தெரியாதுன்னுதான் நினைக்கறேன். நினைக்கறது வேற, தெரியறது வேற.”

“ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்க” என்றார் அண்ணன். ஊசி அவர் விரலில் ஏறியிருந்தது. மூவரில் யாருமே சாப்பிடவில்லை. எனக்கு அண்ணிமேல் வந்த கோபம் அவ்வளவு இவ்வளவு அல்ல. ஊர் ஆயிரம் சொல்லட்டும், பாலை முகர்வதுபோல் என்னையும் முகர்ந்து பார்க்கிறாரே என்று நெஞ்சு எரிந்தது. வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

வியாழக்கிழமை காலை அண்ணி கூடத்துக்கு வந்தார். என்னிடம் பேசவில்லை. அதே கனத்தில் ஒரு பிளேட்டைக் கட்டைமேல் வைக்கச் சொன்னார். அதன் அடிப்பக்கத்தில் சூடு அளக்கும் கம்பியை ஒட்டினார். மேனேஜரின் உதவியாளரைச் சாட்சிக்கு நிறுத்தி, அவர் வழியாகச் சொல்லியனுப்பினார்: “எப்பவும் எப்படிப் பண்ணுவாரோ அப்படியே பண்ணச் சொல்லுங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.” நாலடி தூரத்தில் நின்றுகொண்டு எனக்குத் தூது.

நானும் வீம்பாகவே செய்தேன். பெரிய வாய் டார்ச்சை மாட்டி முழுத் தீயில் பிளேட்டை வாட்டினேன். கூடத்திலேயே வேகமான கை என்னுடையது. ஒன்றரை நிமிடம். சாக்பீஸால் கோடு இழுத்தேன். கோடு உருகிப் பளபளத்தது. டார்ச்சை வைத்தேன், முகமூடியை இறக்கினேன், ராடைத் தட்டினேன்.

“நிறுத்து!”

தூது கீது எல்லாம் போய்விட்டது, நேராக என்னிடமே கத்தினார். அவர் கையிலிருந்த மீட்டரில் அடிப்பக்கச் சூடு தெரிந்தது. நாற்பத்தொன்று.

“மேல நூத்தைம்பது, அடியில நாப்பத்தொண்ணு” என்றார் தனக்குத்தானே. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேலே உருகிய கோடு மங்கிக் கெட்டிப்பட ஆரம்பித்தது. மேல்தோலில் இருந்த சூட்டை நாலு விரல் கனத்துக் குளிர்ந்த எஃகு உறிஞ்சிக்கொண்டிருந்தது. நான் வெல்டிங் செய்தது சூடான பிளேட்டில் அல்ல. சூடான தோல் போர்த்திய குளிர்ந்த பிளேட்டில்.

“அப்போ மத்தவங்க?” என்றேன்.

அதுதான் அவருடைய கேள்வியும். அடுத்த பிளேட்டை மூத்த வெல்டரிடம் கொடுத்தார். அவருக்கு ‘அப்புறம்’ என்று பெயர். எதைக் கேட்டாலும் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்பார். அவர் டார்ச்சைப் பற்றவைத்தார். பிளேட்டுக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டில் சின்னத் தீயாகச் செருகினார். கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தைந்து நிமிடம் கழித்து, மூத்தவர் ஆற அமரத் திரும்பி வந்தார். சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார், உருகியது. டார்ச்சை அணைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். கண்ணாடி கிடைக்கும்போது மேலேயும் நூற்றறுபது, கீழேயும் நூற்றறுபது.

“தூண்ல இருக்கற தாளைப் படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார் அண்ணி.

“கண்ணாடி இல்லாம எங்கம்மா படிக்கறது? அப்புறம் படிச்சுக்கலாம்னு விட்டுட்டேன்.”

மற்ற மூவரையும் கேட்டார். அவர்களும் அப்புறத்தைப் பார்த்துப் பழகியவர்கள். தீயை வைத்துவிட்டு டீக்குப் போகிறவர்கள். தாளைப் படித்தவன் கூடத்திலேயே ஒருவன்தான். படித்தபடி நடந்தவனும் அவன் ஒருவன்தான்.

அண்ணி தூணிடம் போனார். தாளின் மூன்றாவது வரியில் விரலை வைத்தார். உதடு அசைந்தது. ‘உருகியதும்.’ பிறகு தன் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். பேசக்கூடாது என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

கம்ப்யூட்டரில் பழைய மூன்று பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். அதில் இருந்தது: ‘சாக்பீஸ் உருகிய பின், பிளேட் முழுவதும் சூடு பரவும்வரை காத்திருந்து, மறுபக்கத்திலும் கோடு இழுத்துச் சரிபார்த்த பிறகே தொடங்கவும்.’ இந்த ஒன்றரை வரியைத்தான் தன் கையாலேயே சுருக்கியிருந்தார். இடம் போதாமல் ‘உருகிய பின்’ என்பதை ‘உருகியதும்’ ஆக்கியிருந்தார். பின் என்றால் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். உருகியதும் என்றால் உடனே. அந்த ஒரு ‘தும்’ மூன்று விரிசலாகியிருந்தது.

திரையின் இன்னொரு மூலையைக் காட்டினார். கணக்கு தொடங்குமுன் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: ஆரம்பச் சூடு எவ்வளவு? ஒரு கட்டம், ஒரு எண். நூற்றைம்பது என்று போட்டால் பிளேட்டின் மேல், கீழ், நடு எல்லாம் நூற்றைம்பது என்று அது எடுத்துக்கொள்ளும்.

“உலையில வெச்ச பிளேட் அப்படித்தான் இருந்துச்சு. பன்னெண்டு தடவை சரிபார்த்தேன். பன்னெண்டு தடவையும் உலை. ஒரு தடவைகூட டார்ச் இல்ல” என்றார். “எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். நான் போட்ட எண்ணை மட்டும் விட்டுட்டேன்.”

வெள்ளிக்கிழமை மேனேஜரின் அறையில் அண்ணி அறிக்கையை வைத்தார். காரணம் என்ற இடத்தில், செயல்முறைத் தாளில் பிழை என்றும், எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரையும் போட்டிருந்தார். என் ஸ்டாம்ப் என் பையில் துள்ளியது. ஆனால் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, ஒரு மாதிரிச் சிரித்தார்.

“கொழுந்தனைக் காப்பாத்தப் பழியை நீங்க ஏத்துக்கறீங்க. குடும்பம்னா இப்படித்தான் இருக்கணும் மேடம். ஆனா நான் நம்பணுமே.”

அறையிலிருந்த உதவியாளரும் தரையைப் பார்த்தார். நேரில் நின்று பார்த்த ஆள்! மேனேஜர் சிரித்தபின் அவருக்கும் தான் பார்த்ததில் சந்தேகம் வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் ஒருவரையும் எளிதில் நம்பாத என் அண்ணி, உண்மையைச் சொல்லிவிட்டு நம்பப்படாமல் நின்றார். அவருடைய காது மடல் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு மேனேஜரை அடிக்கலாம் போலிருந்தது.

அண்ணி கோபப்படவில்லை. “நீங்க சந்தேகப்படறது சரிதான் சார்” என்றார். நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். “அறிக்கையை நம்ப வேண்டாம். மீட்டரையும் நம்ப வேண்டாம். கீழ வாங்க.”

கூடத்தில் புதிய பிளேட் ஒன்று கட்டைகள்மேல் இருந்தது. எனக்குப் பதிலாக மேனேஜர் கையிலேயே டார்ச்சைக் கொடுத்தார். அவர் தூணிலிருந்த தாளைப் படித்து, அதன்படியே காய்ச்சினார். சாக்பீஸையும் அவரே இழுத்தார். உருகியதும் அண்ணி சொன்னார்:

“இப்ப நூத்தைம்பது. தாள்படி இந்த நிமிஷம் வெல்டிங் பண்ணலாம். கையுறையைக் கழட்டிட்டு அடிப்பக்கத்துல கையை வைங்க சார்.”

நாலு வெல்டர்களும் சுற்றி நின்றார்கள். மேனேஜர் ஒருமுறை அண்ணியைப் பார்த்தார், ஒருமுறை என் கொப்பளித்த விரல்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு விரலை வைத்து வெடுக்கென்று எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்தார். எடுக்கவே இல்லை.

“வெதுவெதுன்னு இருக்கு” என்றார்.

அவ்வளவுதான். கேன்டீனில் யாரும் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. என் ஸ்டாம்ப் என்னிடமே இருந்தது. அண்ணியின் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. அதையும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இருமுறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். தூணில் புதிய தாள் வந்தது, ஒன்பது வரி. அடிப்பக்கத்தில் கோடு உருகிய பிறகு பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்துக்கு வெல்டர்கள் ‘அப்புறம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூத்த வெல்டர் அப்புறத்துக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து அந்தத் தாளைப் படித்தார்.

அன்று சாயங்காலம் நானும் அண்ணியும் ஒரே பஸ்ஸில் வந்தோம். மூன்று மாடி ஏறி, அவர் பூட்டைத் திறந்து, கேஸைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். என் சட்டைப்பையைத் தடவி ஸ்டாம்ப் இருக்கிறதா என்று பார்த்தார்.

“அவ்வளவு பெரிய பிளேட்டு. ஒன்றரை நிமிஷத்துல சூடேறிடுச்சுன்னா உனக்கே வித்தியாசமாத் தோணலையா? ஆறு வருஷம் கிரைண்டிங் பண்ணின கை. கொஞ்சம் இருந்து பண்ணலாம்னு தோணலையா?”

“தோணிச்சு அண்ணி.”

“அப்புறம் ஏன் பண்ணல?”

“நீங்க எழுதினதாச்சே. நீங்க பத்துத் தடவை பார்க்காம எழுதமாட்டீங்க. அதை நான் எதுக்குச் சந்தேகப்படணும்?”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அண்ணன் டேப்பைக் கழுத்தில் போட்டபடி எழுந்து வந்தார்.

“நான் உன்னை நம்பல. நீ என்னை நம்பினதாலதான் மாட்டிக்கிட்ட” என்றார் அண்ணி. “இந்த வீட்டுல ஒருத்தராவது என்னையும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம்ல?”

அன்றிலிருந்து அவர் எழுதும் எந்தத் தாளும் தூணுக்குப் போகுமுன் என்னிடம் வருகிறது. சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “சந்தேகப்படு” என்பார். எனக்கு அது வரவில்லை. ஒவ்வொரு தடவையும், சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பேன். “இன்னொரு தடவை படி” என்று தள்ளிவிடுவார்.

போன வாரம் ஐந்தாவது தாளில் ஒரு சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டேன். ‘ஆறவிடவும்’ என்று இருந்தது. எந்தச் சூடு வரை ஆறவிட வேண்டும் என்று இல்லை. அண்ணியிடம் நீட்டினேன். அண்ணி நெடுநேரம் அந்த வட்டத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து எண்ணை எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தி, பாலை முகரும் அதே முகத்தோடு என்னைப் பார்த்தார்.

“இதை நீயேதான் கண்டுபிடிச்சியா?”